கலவரம் மூண்டால்: சுடுவதா, விலகி நிற்பதா, ஆள் குவிப்பதா?

கோலாலம்பூரின் மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில் ஒரு விடுமுறை நாள் இரவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கும்பலுக்குள் தகராறு. ஒரு கடையின் கண்ணாடி உடைகிறது. அரை மணி நேரத்தில் பக்கத்து நகைக்கடையின் இரும்புக் கதவை நாலு பேர் நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். டாங் வாங்கி மாவட்டப் போலீஸ் தலைவர் என்ன உத்தரவு கொடுக்க வேண்டும்? சுடச் சொல்வதா? ஆள் போதாது, கேமராவில் பதிவு செய்துகொண்டு நாளைக்குப் பிடிக்கலாம் என்று தள்ளி நிற்கச் சொல்வதா? ஊரடங்கு போடச் சொல்லி மேலிடத்தைக் கேட்பதா?

கற்பனைதான். ஆனால் மலேசியத் தமிழர்கள் இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. 1969 மே 13 இனக்கலவரம் நம் மூத்த தலைமுறை கண்ணால் பார்த்தது. 1998-இல் பினாங்கு கம்போங் ராவாவில் கோவிலையும் பள்ளிவாசலையும் ஒட்டி மூண்ட மோதல், 2001 மார்ச்சில் பழைய கிள்ளான் சாலைப் பக்கம் கம்போங் மேடான், 2015-இல் கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா வணிக வளாகம், 2018-இல் சுபாங் ஜெயாவில் சீபீல்ட் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, அதிகாரிகள் நடந்துகொண்ட விதமும் வேறு. எந்த வழி உயிரைக் காக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு நம் ஊர் அனுபவமே ஓரளவு இருக்கிறது. மற்ற நாடுகளில் நடந்ததையும் சேர்த்துக்கொண்டால் படம் இன்னும் தெளிவாகும்.

எதை வைத்து அளக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் உயிர். அதில் கடைக்காரர் உயிர், போலீஸ்காரர் உயிர், கையில் திருட்டுச் சாமானோடு ஓடுகிற பையனின் உயிர் எல்லாம் அடக்கம். இரண்டாவது, எல்லாம் அடங்கிய பிறகு எல்லா இனத்தவரும் மறுபடி போலீஸ் நிலையத்துக்கு நம்பிப் போவார்களா என்பது. பொருள் சேதம் மூன்றாவதுதான். வியாபாரிகளுக்கு இந்த வரிசை கசக்கும் என்று தெரியும். அவர்களுடைய இழப்புக்கு வேறு ஏற்பாடு செய்ய முடியும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

சுடுவதிலிருந்து ஆரம்பிக்கலாம். மாமாக் கடை மேசைகளில் அடிக்கடி காதில் விழும் யோசனை இது: ரெண்டு பேரைச் சுட்டால் மற்றவன் அடங்கிவிடுவான். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு சிகாகோ எரிந்தபோது, மேயர் ரிச்சர்ட் டேலி இதைப் பகிரங்கமாகவே சொன்னார். தீ வைப்பவனைச் சுட்டுக் கொல்லுங்கள், கொள்ளையடிப்பவனை முடமாகும்படி சுடுங்கள் என்றார். கேட்க உறுதியாக இருக்கும். நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு முந்திய ஆண்டு டெட்ராய்ட்டில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

1967 ஜூலையில் அந்த நகரம் ஐந்து நாள் கொந்தளித்தது. 43 பேர் இறந்தார்கள். அங்கே யாரும் திட்டமிடாமலேயே ஓர் ஒப்பீடு நடந்துவிட்டது. நகரின் மேற்குப் பகுதியில் தேசியக் காவல் படை நின்றது. அதில் இருந்தவர்கள் பகுதி நேர வீரர்கள், ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர்கள், இப்படிப்பட்ட வேலையில் பழக்கமில்லாதவர்கள். பயத்தில் சத்தம் கேட்ட பக்கமெல்லாம் சுட்டார்கள். கிழக்குப் பகுதி ராணுவத்தின் பாராசூட் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அனுபவப்பட்ட வீரர்கள், வெள்ளையரும் கறுப்பரும் கலந்த படை. துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிடுங்கள், அதிகாரி சொன்னால் மட்டும் போடுங்கள் என்று தளபதி உத்தரவிட்டார். 2,700 ராணுவ வீரர்கள் மொத்தம் சுட்டது 201 தோட்டாக்கள்தான் என்று பிறகு விசாரித்த கெர்னர் ஆணையம் பதிவு செய்திருக்கிறது. சீக்கிரம் அமைதிக்குத் திரும்பியது எது? குறைவாகச் சுட்ட கிழக்குப் பகுதிதான்.

சுட வேண்டும் என்று வாதாடுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த டெட்ராய்ட் கணக்கைத்தான். கூட்டத்தில் சுடும்போது குண்டு குற்றவாளியைத் தேடிப் போவதில்லை. ஒரு சாவு விழுந்ததும் வேடிக்கை பார்க்க வந்தவனும் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறான். அப்புறம் சட்டத்தையும் பாருங்கள். நம் தண்டனைச் சட்டம் 147-ஆவது பிரிவின்படி கலவரத்தில் ஈடுபட்டால் அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை. நீதிபதி விசாரித்து 2 ஆண்டு கொடுக்கக்கூடிய குற்றத்துக்கு ஒரு கான்ஸ்டபிள் நடுத்தெருவில் உயிரை எடுப்பது எந்த நியாயத்தில் சேரும்? ஆள் இருக்கிற வீட்டுக்குத் தீ வைக்க ஒருவன் ஓடுகிறான் என்றால் அது வேறு. அங்கே உயிரைக் காக்கச் சுட வேண்டி வரலாம். கைப்பேசிக் கடையைக் காக்கச் சுடக்கூடாது.

ராணுவத்தை இறக்குவதிலும் டெட்ராய்ட்டின் பாடம் நமக்குப் பொருந்தும். 1969-இல் கோலாலம்பூரில் ராணுவம் இறங்கியபோது வீரர்கள் ஒரு பக்கம் சாய்ந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 196 பேர், அதில் இந்தியர்கள் 13. அந்தக் குற்றச்சாட்டு எந்த அளவுக்கு உண்மை என்று யாரும் சுதந்திரமாக விசாரிக்கவே இல்லை. அதனால் அது மூன்று தலைமுறையாக வீட்டுக்கு வீடு கதையாக ஓடிக்கொண்டிருக்கிறது. சீருடை போட்டவர்கள் எல்லா இனத்திலிருந்தும் வந்தவர்களாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம் போலீஸ் படையில் இந்தியர்கள் மிகக் குறைவு. கலவர இரவில் அந்தக் குறை பூதாகரமாகிவிடும். போலீஸ் வேலைக்கு மனுப்போடச் சொல்லி நம் பிள்ளைகளைத் தூண்டுவதும் இந்த விஷயத்தில் ஒரு முன்னேற்பாடுதான்.

அடுத்து, விலகி நிற்பது. இதற்கு ஒரு நியாயம் உண்டு. பத்துப் போலீஸ்காரர்கள் ஐந்நூறு பேருக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அவர்கள் பயத்தில் துப்பாக்கியை எடுப்பார்கள். அதைவிடப் பின்வாங்கி ஆள் சேர்த்துக்கொண்டு வருவது நல்லது. 2013 டிசம்பர் 8 அன்று சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தபோது, மீட்பு வேலை நடந்த விதத்தைத் தவறாகப் புரிந்துகொண்ட சுமார் 300 பேர் போலீஸ் வண்டிகளையும் ஆம்புலன்ஸையும் தாக்கினார்கள். வண்டிகள் எரிந்தன. முதலில் வந்த அதிகாரிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அப்படியிருந்தும் ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. சிறப்புப் படை வந்து சேர்ந்ததும் கூட்டம் கலைந்தது. கலவரத்தில் ஒரு தொழிலாளிகூடச் சாகவில்லை. நம்மவர்கள் நூற்றுக்கணக்கில் அந்தத் தெருவில் நின்ற இரவு அது. துப்பாக்கி பேசியிருந்தால் புதுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் எத்தனை பெட்டிகள் போயிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

ஆனால் பின்வாங்குவதற்கும் போய்விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 1992 ஏப்ரல் 29 மாலை, கலவரம் தொடங்கிய நாற்சந்தியிலிருந்து போலீஸ் வெளியேறியது. மணிக்கணக்கில் திரும்பி வரவில்லை. வண்டி ஓட்டி வந்தவர்களை இழுத்துப் போட்டு அடிப்பது ஹெலிகாப்டரிலிருந்து நேரலையாகத் தொலைக்காட்சியில் ஓடியது. அதைப் பார்த்த ஊர் முழுவதற்கும் போலீஸ் இல்லை என்ற செய்தி போய்ச் சேர்ந்தது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொரியர்களின் கடைகள் மட்டும் 2,000-க்கு மேல் சேதமாயின. சிறுபான்மை இனத்தின் கடைத்தெருக்கள்தான் இப்படிக் கைவிடப்படுகின்றன என்பதை மஸ்ஜிட் இந்தியாவிலும் பினாங்கு லெபோ பசாரிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதன் மிகக் கொடிய வடிவத்தைத் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். சீருடைக்காரர்கள் பல இடங்களில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நகரம் எரியத் தொடங்கிய பிறகே ஊரடங்கு வந்தது. அதைச் செயல் தந்திரம் என்று யாரும் அழைக்க முடியாது. செய்ய மறுத்தது அது.

கேமராவில் பதிந்து பிறகு பிடிப்பது நல்ல யோசனைதான், கூடுதல் வேலையாக. 2011 ஆகஸ்டில் லண்டனில் அப்படி ஏராளமானவர்களைப் பிடித்தார்கள். ஆனால் அன்றைய இரவுகளில் கடை உடைபடுவதைப் போலீஸ் வரிசையாக நின்று பார்த்த காட்சி மக்களுக்கு ஆத்திரத்தைத்தான் தந்தது.

போலீஸ் வராவிட்டால் என்ன, நாமே தெருவைக் காப்போம் என்பார்கள் சிலர். இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். அவர்களிடம் பீனிக்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை ஒட்டிய பகுதி அது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் வாழும் இடம். தமிழ்ப் பெயர்கள் நிறைய. நம் ரப்பர் தோட்டக் கதைக்கு உறவுக் கதை. 2021 ஜூலையில் முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறைக்குப் போனதைத் தொடர்ந்து அந்த மாநிலம் முழுக்கக் கொள்ளை பரவியது. போலீஸ் கைவிட்டது. பீனிக்ஸ் மக்கள் சாலைத் தடுப்புப் போட்டுக் காவல் நின்றார்கள். அந்தக் காவல் சில இடங்களில் வேட்டையாக மாறியது. 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். வேலைக்குப் போனவர்கள், வீட்டுக்குத் திரும்பியவர்கள், யாரென்று தெரியாமல் தோலைப் பார்த்து நிறுத்தப்பட்டவர்கள் அதில் உண்டு. அரசு 25,000 ராணுவ வீரர்கள் வரை அனுப்ப முடிவெடுத்தபோது காலம் கடந்துவிட்டது. நாடு முழுக்க 350-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பயந்து தடி எடுத்த பக்கத்து வீட்டுக்காரன் கொலைகாரனாக நீதிமன்றத்தில் நிற்கிறான். அவன் முன்பு நல்ல மனிதனாகத்தான் இருந்திருப்பான். அவனை அந்த நிலைக்குத் தள்ளியதில் வராத போலீஸுக்கும் பங்கு உண்டு.

காவல் நிற்பவர்களுக்கே ஆபத்து என்பதும் உண்மை. 2011-இல் பர்மிங்காமில் தங்கள் பகுதியைக் காக்க நின்ற மூன்று இளைஞர்கள் கார் மோதி இறந்தார்கள். ருக்குன் தெத்தாங்கா போன்ற அக்கம்பக்க அமைப்புகள் வதந்தியை அடக்கவும், முதியவர்களைப் பத்திரமான வீட்டில் சேர்க்கவும், போலீஸுக்குத் தகவல் கொடுக்கவும் அருமையானவை. கையில் கட்டையோடு சந்தில் நிற்க அவர்களை அனுப்பக்கூடாது.

ஊரடங்கைப் பற்றி என் கருத்து பாதி சாதகம், பாதி பாதகம். சட்டப்படி வசதி இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. 1967 நவம்பர் 24 அன்று பினாங்கில் பழைய நாணயத்தின் மதிப்பு டாலருக்கு 85 காசாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து நடந்த ஹர்த்தால் கலவரமானபோதும் ஊரடங்கு போட்டார்கள். 1969-இல் அன்றிரவே போட்டார்கள். ஊரடங்கு தெருவைக் காலியாக்கும், யார் கலவரக்காரன் என்று பிரித்தறிய உதவும். ஆனால் அறிவிப்பு எட்டாதவன் மாட்டிக்கொள்வான். இரவு ஷிப்டு முடிந்து வரும் பாதுகாவலர், உணவு விநியோகிக்கும் பையன், ஒரே அறையில் பத்துப் பேராக இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி ஆகியோருக்கு வீட்டுக்குள் இரு என்பது சுலபமான கட்டளை இல்லை. ஆகவே ஊரடங்கு தேவைப்பட்டால் சில தெருக்களுக்கு, சில இரவுகளுக்கு. மின்னல் எஃப்.எம்.மிலும் ராகாவிலும் தமிழில் சொல்ல வேண்டும், மலாயிலும் சீனத்திலும் வங்காளத்திலும் சொல்ல வேண்டும். 1969-இல் நடந்தது போல நெருக்கடி நிலையும் நாடாளுமன்ற முடக்கமும் கூடவே வந்தால் அது கலவரத்தை அடக்கும் வேலையைத் தாண்டிவிடுகிறது. அன்று முடக்கிய நாடாளுமன்றம் மறுபடி கூடியது 1971 பிப்ரவரியில்.

இணையத்தை வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது இலங்கை அரசு முகநூலையும் வாட்ஸ்அப்பையும் தடை செய்தது. தடையைத் தாண்டும் வழி தெரிந்தவர்கள் தாண்டினார்கள். அம்மாவைத் தேடும் பிள்ளைக்குத்தான் தொடர்பு அறுந்தது. லோ யாட்டில் ஒரு கைப்பேசித் திருட்டை, கடைக்காரன் போலிக் கைப்பேசியை விற்று ஏமாற்றிய கதையாக மாற்றி இனச்சாயம் பூசிப் பரப்பினார்கள். மறுநாள் இரவு கூட்டம் திரண்டது. தேசியப் போலீஸ் படைத் தலைவரே முன்வந்து இது வெறும் திருட்டு வழக்கு என்று சொன்னார். வதந்தி பரப்பியவர்கள் மீதும் நடவடிக்கை வந்தது. அந்த விளக்கம் சில மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சரி, நான் தேர்ந்தெடுக்கும் வழி எது? முதல் சில மணி நேரத்திலேயே பெரும் எண்ணிக்கையில் ஆள் குவிப்பது. துப்பாக்கி உறையில், கேடயம் கையில், தெருவுக்குத் தெரு சீருடை. லண்டனில் 2011 ஆகஸ்ட் 6 அன்று தொடங்கிய கலவரம் மூன்று இரவு வளர்ந்துகொண்டே போனது. 8-ஆம் தேதி இரவு தெருவில் சுமார் 6,000 போலீஸ். 9-ஆம் தேதி 16,000. அன்று இரவு லண்டன் அடங்கியது. ரப்பர் குண்டு கையிருப்பில் இருந்தும் சுடவில்லை, தண்ணீர் பீரங்கியும் இல்லை. குறை என்னவென்றால் மூன்று நாள் தாமதம். அந்தத் தாமதத்தில் பெரிய பெரிய கட்டடங்கள் எரிந்தன, ஐந்து பேர் இறந்தார்கள். அடிபட்டுத் தாடை உடைந்து கிடந்த ஒரு மலேசிய மாணவரை, உதவுவது போலத் தூக்கிவிட்டு அவர் பையிலிருந்தே திருடிய காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம்.

நம்மிடம் இதற்கென்றே ஒரு படை 1955-இலிருந்து இருக்கிறது. சிவப்பு லாரிகளோடு வரும் கலகத் தடுப்புப் போலீஸான எஃப்.ஆர்.யு.வைத் தெரியாதவர் இல்லை. பயிற்சி உண்டு, கருவிகள் உண்டு. என் கவலை அவர்களை எப்போது, எப்படி அனுப்புகிறார்கள் என்பதில். 2007 நவம்பர் 25 அன்று கையெழுத்து மனுவோடு வந்த, இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராப் இயக்கத்தின் கூட்டத்தின் மேல், பத்துமலை வளாகத்தில் அதிகாலையிலேயே, கண்ணீர்ப் புகையும் தண்ணீர் பீரங்கியும் பாய்ந்தன. ஆனால் 2018 நவம்பர் 26 அதிகாலை சீபீல்ட் ஆலயத்துக்குள் வெளியாட்கள் புகுந்து பக்தர்களைத் தாக்கியபோது, போலீஸ் வரத் தாமதம் என்பதுதான் அங்கிருந்தவர்கள் சொன்ன முதல் புகார். அந்தத் தாமதத்துக்குள் ஆத்திரம் மூண்டது. கார்கள் எரிந்தன. அடுத்த இரவு தீயை அணைக்க வந்த ஓர் இளம் தீயணைப்பு வீரர் படுகாயமடைந்து டிசம்பர் 17 அன்று உயிர் விட்டார். முதல் இரவிலேயே நூறு போலீஸ்காரர்கள் கோவில் வாசலில் இருந்திருந்தால் அந்த மகன் இன்று வீட்டில் இருந்திருப்பான் என்று நான் நம்புகிறேன்.

வேறு மாதிரியும் நம் போலீஸால் முடியும். நியாயமான தேர்தல் கேட்கும் பெர்சே அமைப்பின் 2012 பேரணி கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தில் தடுப்பும் கண்ணீர்ப் புகையும் அடியுமாக முடிந்தது. 2015-இல் அதே அமைப்பு, அதே நகரம், இரண்டு நாள். போலீஸ் சுற்றி நின்றது, புகை வீசவில்லை. கூட்டம் சாலையிலேயே படுத்து எழுந்து, குப்பையைக் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போனது. கூட்டமாக இருப்பதைக் கலவரமாக ஆக்காமல் பார்த்துக்கொள்வதும் இந்த வேலையின் ஒரு பாதி.

இனி வியாபாரிகளின் இழப்பு. பிரிட்டனில் 1886-இலிருந்து ஒரு சட்டம் உண்டு. கலவரத்தில் சொத்து அழிந்தால் அந்தப் பகுதியின் போலீஸ் நிதியிலிருந்து நஷ்டஈடு கேட்கலாம். 2016-இல் அதைப் புதுப்பித்து, ஒரு கோரிக்கைக்கு 10 லட்சம் பவுன் உச்சவரம்பு வைத்தார்கள். மக்களைக் காப்பது போலீஸின் கடமை, தவறினால் பணமாகவாவது பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் நாட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று இந்திய வர்த்தக சங்கங்கள் கேட்க வேண்டும். அதுவரை உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் கார் கலவரத்தில் எரிந்தால் பணம் வராது. வேலைநிறுத்தம், கலவரத்துக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கட்டிச் சேர்க்க வேண்டும். கடைக்கான தீக் காப்புறுதியும் அப்படியே.

தண்டனையிலும் நிதானம் தேவை. லண்டனில் இரவெல்லாம் நீதிமன்றம் நடத்தி வேகமாகத் தீர்ப்புச் சொன்னது சரி. மூன்றரை பவுன் பெறுமான தண்ணீர் பாட்டில்களுக்கு ஒரு மாணவரை ஆறு மாதம் சிறையில் அடைத்தது அநியாயம். தீ வைத்தவனும், ஆள் திரட்டியவனும், உடைந்த கடையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தவனும் ஒரே தட்டில் நிறுக்கப்படக்கூடாது.

கடைசியாக விசாரணை. நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். 1867 ஆகஸ்டில் பினாங்கில் சீன ரகசியச் சங்கங்களும் முஸ்லிம்களின் வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிக் குழுக்களும் பத்து நாள் மோதிக்கொண்டபோது, காலனி அரசுகூட ஓர் ஆணையம் வைத்துச் சாட்சி கேட்டு அறிக்கை போட்டது. அதன் பின் 1869-இல் சட்டமும் வந்தது. லிட்டில் இந்தியா கலவரத்துக்கு முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் சிங்கப்பூர் அமைத்த குழு பொதுவில் சாட்சிகளை விசாரித்து ஏழு மாதத்துக்குள் அறிக்கை கொடுத்தது. போலீஸின் தகவல் தொடர்புத் தடுமாற்றத்தையும் அதில் எழுதினார்கள். சீபீல்ட் தீயணைப்பு வீரருக்கு மரண விசாரணை நடந்தது. அது அவருடைய குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியதுதான். 2001 கம்போங் மேடானில் 6 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள், ஏழைக் குடியிருப்புவாசிகள். அவர்களுக்காக அரச விசாரணை ஆணையமும் வைக்கவில்லை, மனித உரிமை ஆணையமும் பொது விசாரணை நடத்தவில்லை. அன்று பணியில் இருந்த அதிகாரிகளில் பலர் ஓய்வு பெற்றிருப்பார்கள், ஆனால் உயிரோடு இருக்கிறார்கள். காயம்பட்டவர்களும் இருக்கிறார்கள். எத்தனை மணிக்கு முதல் அழைப்பு போனது, எத்தனை பேரை அனுப்பினார்கள், அடுத்த நாள் ஏன் போதவில்லை என்று அவர்களைக் கேட்டால் இன்றும் பதில் கிடைக்கும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்த ஆணையத்தைக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும், இந்த ஆண்டே.